உப்பில்லாப் படையல்

போகிக்குக் கொளுத்திய பழம்பாய்களும் துடைப்பக்கட்டைகளும் தெருவில் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. தாயம்மா உப்பு ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்துக் குடித்தனத்தின் கதவைத் தட்டினாள். கைப்பிள்ளையை வெயிலில் தூக்கி வருகிறவள்போல ஜாடியை முந்தானையால் மூடியிருந்தாள். கதவைத் திறந்த ஜீனத் முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, நல்ல நாளும் அதுவுமா உப்பத் தூக்கிகினு வர? பழசத்தானே எரிப்பீங்க, உப்பக்கூடவா வூட்ட வுட்டுத் தொரத்துவீங்க?"

"சிரிக்காத ஜீனத்து. நாளைக்குக் காத்தால வரைக்கும் இது உன் வூட்ல கெடக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"நீயே கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும்."

ஜீனத்தின் சிரிப்பு அடங்கியது. அவளுக்குக் காரணம் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் தாயம்மாவின் புருஷன் லோகநாதன் ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தபோது மயங்கிச் சாய்ந்தான். அவனை ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ஜீனத்தின் புருஷன் ஜஹாங்கீர். டாக்டர் லோகநாதனின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி ஈர மணலில் பதித்ததுபோல அப்படியே நின்றது. இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கின்றன என்றார். உப்பு உனக்கு விஷம், கருவாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதே, மீறித் தின்றால் வருஷம் திரும்பாது என்றார்.

"இன்னிக்கு ஒரு நாளு தாண்டிட்டாப் போதும்" என்றாள் தாயம்மா.

"அல்லா காப்பாத்துவான், குடு." ஜீனத் இரண்டு கையாலும் ஜாடியை வாங்கினாள். "உப்பு வூட்ட வுட்டு வெளிய போவக்கூடாதும்பீங்களே. ஒங்க நாத்தனா பாத்தா உன்ன சும்மா வுடுமா?"

நாத்தனாரைவிட இன்னொருத்தியைப் பற்றித்தான் தாயம்மாவுக்கு யோசனையாக இருந்தது.

அந்த இன்னொருத்தி பூங்காவனம், லோகநாதனின் மூத்த தாரம். சுதந்திரம் வந்த வருஷம் ஆவணியில், நான்கு நாள் ஜுரத்தில், நெற்றிப் பொட்டோடும் தலைப் பூவோடும் போய்ச் சேர்ந்தவள். அப்படிப் போகிறவளை அந்தக் குடும்பத்தில் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவார்கள். போகி சாயங்காலம் ஒரு குடத்துக்கு மஞ்சள் நனைத்த புதுப்புடவை சுற்றி, பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போடுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வந்து அவள் சாப்பிட வேண்டும். பின்பு கதவைத் திறந்து, அந்த இலையில் புருஷன் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று எழ வேண்டும். மிச்சம் வைத்தால் வந்தவள் பசியோடு போகிறாள் என்று அர்த்தம். பசியோடு போனவள் வீட்டிலேயே சுற்றுவாள் என்பார்கள்.

தாயம்மா பூங்காவனத்தைப் பார்த்ததில்லை. வீட்டில் படமும் கிடையாது. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்றுகூட யாரும் சொன்னதில்லை. அவளைப் பற்றித் தாயம்மாவுக்குத் தெரிந்தவை இரண்டே: அவளுக்கு வாளைக் கருவாடு என்றால் உயிர். அவள் கைக்கு உப்பு அளவு தெரியும். "அவ கண்ண மூடிகினு போட்டாலும் உப்பு நிக்குற எடத்துல நிக்கும்" என்று லோகநாதனின் அக்காவான நாத்தனார் சொக்கம்மாள் வருஷம் தவறாமல் சொல்வாள்.

மூன்று பொங்கலாக அந்த இலையில் லோகநாதன் சாப்பிடுவதைத் தாயம்மா பார்த்திருக்கிறாள். அவள் கையால் தினம் சாப்பிடுகிறவன்தான். அந்த இலையில் மட்டும் வேறு ஆளாக உட்காருவான். அவசரமில்லாமல், நிமிர்ந்து பார்க்காமல், கேட்காத ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவன்போலத் தின்பான். சமைத்தது தானேதான் என்று தெரிந்தும், அந்த நேரத்தில் தாயம்மாவுக்கு வாசற்படியில் நிற்கும் விருந்தாளியின் கூச்சம் வந்துவிடும்.

இந்த வருஷம் படையலே வேண்டாம் என்று அவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"வருஷத்துல ஒரு நாளு. ஒரே ஒரு எல" என்றான் லோகநாதன். "அத்துல பூடுமா உசுரு?"

"அண்ணியாண்ட சொல்லிடலாம்யா. உடம்புக்கு ஆவலன்னு சொன்னா புரிஞ்சிக்கும்."

"அக்காவாண்டயா? நல்லாக் கேட்ட போ. ரெண்டாங் கண்ணாலம் கட்டினதுக்கு பூங்காவனம் கோவிச்சிகினு கால வீங்க வெச்சிட்டான்னு தெருவையே கூட்டிடும். வாயத் தொறக்காத."

இதைச் சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு சின்னப் பளபளப்பு வந்து போனது. மூன்று மாதம் சப்பென்ற சோற்றைப் பாதி தின்று பாதி தள்ளியவனின் நாக்குக்கு வந்த நம்பிக்கை அது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சண்டை போட்டுப் பயனில்லை என்று அப்போதே தெரிந்தது. படையல் நடக்கட்டும், உப்பு மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

அதற்கு வழக்கமே வழியும் விட்டிருந்தது. படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது. சாமிக்குமுன் நாக்கில் பட்டது எச்சில். ஆகவே இலையில் உட்காரும்வரை உப்பிருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. உட்கார்ந்தபின் பாதியில் எழ முடியாது. லோகநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிடுவான். அக்காவின் எதிரில் அவன் ஏன் என்று கேட்க மாட்டான்.

பத்து மணிக்குச் சொக்கம்மாள் வந்தாள். சடையங்குப்பத்திலிருந்து சேற்றிலும் தண்ணீரிலும் நடந்து வந்த கால்களைக் குழாயடியில் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஏம்மே தாயம்மா, இன்னா இப்பிடி எளச்சிப் பூட்ட? அவன் மூஞ்சி மட்டும் பந்து கணக்கா கீது! ஒம் பங்கையும் அவனே துன்றானா?"

"ஹார்பர்ல ராத்திரி ஷிப்டுக்கா, தூக்கமில்ல" என்று லோகநாதன் வேட்டியைக் கணுக்கால் மறைய இறக்கிவிட்டுக்கொண்டான்.

"தூங்காதவன் மூஞ்சி வத்தும்டா. உன்னுது இன்னாடான்னா ரொம்பிகினு கீது. நல்லா கீறேன்னு சந்தோசப்பட்டுக்க வேண்டியதுதான்." சொக்கம்மாள் மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தாயம்மாவின் கையில் வைத்தாள். "எண்ணூர்க் கருவாடு. வெள்ள வெளேர்னு உப்பு பூத்து நிக்குது பாரு. பூங்காவனம் இத மோந்து பாத்தே முக்காப்படி சோறு துன்னுடுவா."

பொட்டலத்தின் கனம் உள்ளங்கையில் இறங்கியது. வாளைகள் வெள்ளி நாடாவைப் போல மடிந்து கிடந்தன. மேலே படிந்த உப்புப் பொடி தாயம்மாவின் விரல் ரேகைகளுக்குள் புகுந்தது.

நாத்தனாரைப் பூவும் மஞ்சளும் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, கருவாட்டை வெந்நீரில் போட்டாள். தண்ணீர் வெளுத்தது. கொட்டினாள். மறுபடி வெந்நீர். பிறகு அரிசி கழுவின தண்ணீர். ஏழு தண்ணீர் மாற்றினாள். கடைசியில் வாளை, நாள்பட்ட ஈரத்துணியைப் போல விரலில் துவண்டது. அதில் கடலும் இல்லை, வெயிலும் இல்லை. தன் கையே ஒரு வாசனையைக் கொன்றுவிட்டது என்று தோன்ற, தாயம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவர்களுடைய குடித்தனத்துக்கு ஒரே அறை. சமையலுக்கு நடையை ஒட்டி ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்குள் உலை கொதித்தது. தாயம்மா கீரையைப் போட்டாள். வேறெங்கோ நினைவாக இருந்தவள் தன் வலது கை அலமாரியின் இரண்டாம் தட்டைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஜாடி இருந்த இடம் வட்டமாக, வெளிறி, காலியாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். பழக்கம் என்று சொல்லிக்கொண்டாள்.

குழம்புக்குப் புளியைக் கரைத்து ஊற்றினபோது கை மறுபடி அங்கே இருந்தது. பருப்பு வடைக்கு அரைத்ததை வழித்தபோது மறுபடி. மூன்றாம் முறை அவள் அடுப்பின் எதிரில் அப்படியே நின்றுவிட்டாள். லோகநாதனுக்குத் தனியாகவும் தனக்குத் தனியாகவும் உலை வைக்க மனம் வராமல், மூன்று மாதமாக அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள். மூன்று மாதமாக இந்தத் தட்டின் பக்கம் அவள் கை போனதில்லை. அப்படியானால் இது யாருடைய பழக்கம்?

மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் சின்னப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போய், 'இதோ, இங்கே' என்று யாரோ காட்டிய மாதிரி அங்கே ஒரு மிச்சச் சூடு இருந்தது.

"உப்பு போட்டியாமே?" சொக்கம்மாள் பூப்பொட்டலத்தோடு தடுப்புக்குள் தலையை நீட்டினாள்.

"போட்டேன் அண்ணி."

"ஜாடி எங்க, காணம்?"

"போகியாச்சே. கழுவிக் கவுத்துக்கீறேன்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. காலையில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது பயம் மட்டுமா இருந்தது? அடியில் எங்கோ ஒரு சந்தோஷமும் இருந்தது. புருஷனின் உயிருக்காக என்று சொல்லிக்கொண்ட காரியத்துக்குள், பூங்காவனத்தின் கையை இந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்ற எண்ணமும் ஒண்டிக்கொண்டிருந்தது. தாயம்மா அதை அதிகநேரம் பார்க்கவில்லை. வடையைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாம் தயாராகிவிட்டது. அறையின் கிழக்குச் சுவர் ஓரம் குடம் உட்கார்ந்திருந்தது. ஆமாம், உட்கார்ந்திருந்தது. மஞ்சள் புடவையைச் சொக்கம்மாள் கொசுவி, மடித்து, முந்தானை வலப்பக்கம் வருமாறு சுற்றியிருந்த விதத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்திருக்கும் ஒரு பெண் மாதிரியே இருந்தது. கழுத்தில் கனகாம்பரம். எதிரே தலைவாழை இலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நாலு வடை, ஒரு கரண்டி பாயசம். ஆவி பறந்தது.

"வாடியம்மா, வந்து துன்னு" என்று சொக்கம்மாள் கற்பூரத்தைக் காட்டினாள். மூவரும் வெளியே வந்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

நடையில் நின்றார்கள். பகல் முழுவதும் அடித்த போகிப் புகையும் மீன் வாடையும் அங்கேயே தேங்கிக் கிடந்தன. தூரத்தில் ஹார்பர் சங்கு ஊதி நின்றது. பக்கத்துக் குடித்தனத்தில் ஜீனத் ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அதுவும் நின்றது. லோகநாதன் சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றான். அந்த அமைதியில், சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம், புதுப்புடவை மொடமொடத்தது.

எலியாக இருக்கலாம். காற்றாக இருக்கலாம். தாயம்மா இரண்டையும் நினைத்துப் பார்த்தாள்.

பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தம், 'ச்சு' என்று, ஒரே ஒரு தரம். பண்டத்தை வாயில் வைத்ததும் எது குறை என்று தெரிந்துகொண்ட பெண் போடும் சத்தம். கோபமில்லை அதில். இதற்கென்ன, இதோ சரி செய்கிறேன் என்பது மாதிரி இருந்தது.

"வந்துட்டா" என்றாள் சொக்கம்மாள், கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு. அவள் முகம் முழுக்கச் சந்தோஷம்.

தாயம்மா கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

கதவைத் திறந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. சோற்றுக் குவியல் அப்படியே. வடை நாலு. லோகநாதன் சிரமப்பட்டுக் காலை மடித்து உட்கார்ந்தான். குழம்பைப் பிசைந்தான். முதல் கவளத்தை வாயில் வைத்தான். தாயம்மா அவன் முகச் சுளிப்புக்காகக் காத்திருந்தாள்.

முகம் சுளிக்கவில்லை. தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல அசைந்தது. அவன் கண்கள் மூடிக்கொண்டன.

"நல்லா கீதா நைனா?" என்றாள் சொக்கம்மாள்.

"அதே கைதான்க்கா" என்றான் அவன். "உப்பு அப்பிடியே நிக்குது."

தாயம்மா சமையல் தடுப்புக்கு ஓடினாள். குழம்புச் சட்டியில் விரலைவிட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பு, காரம், அதற்குமேல் ஒன்றுமில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டாள். மண். திரும்பி வந்தபோது அவன் இரண்டாம் கவளத்தை விழுங்கி மூன்றாவதை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து இலை ஓரத்திலிருந்து நாலு பருக்கை எடுத்து வாயில் வைத்தாள்.

உப்பு. மூன்று மாதம் உப்பறியாத நாக்கில் அது நெருப்பாக ஓடி, பிறகு இனிப்பாக மாறி, தொண்டை முழுக்க ஊறியது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு" என்றான்.

"துன்னாத."

"வுடுமே, படையல் எல."

"ஏய், இன்னா பண்ற நீ?" சொக்கம்மாள் பாய்ந்து வந்தாள். "பூவாடைக்காரி எலைல துன்றவன் கையப் புடிக்கிற? பைத்தியமா ஒனக்கு?"

"அண்ணி, நான் உப்பே போடல."

சொக்கம்மாள் நின்றாள். "இன்னா?"

"எதுலயுமே போடல. கருவாட்டக்கூட ஏயு தண்ணில அலசிட்டேன். ஜாடி ஜீனத்து வூட்ல கீது. சட்டில பாருங்க, உப்பில்ல. எலைல மட்டும் கீது."

சொக்கம்மாள் தடுப்புக்குப் போய்ச் சட்டியைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போது அவள் நடை மாறியிருந்தது. நெருங்கி வந்து, ரகசியம்போல, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "உப்பில்லாச் சோறு எப்பப் போடுவாங்க தெரியுமாடி? பதினாறாம் நாளு. 'பூடு, இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத'ன்னு சொல்லிப் போடுற சோறுடி அது. நல்ல நாளுல அவளக் கூப்ட்டு உக்கார வெச்சி, அந்தச் சோத்தப் போட்டியா? அவள வூட்ட வுட்டுத் தொரத்தப் பாத்தியா?"

தாயம்மா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வரவில்லை.

"அக்கா" என்றான் லோகநாதன். எச்சில் கையை இலைமேல் தூக்கிப் பிடித்தபடியே, இடது கையால் வேட்டியை முழங்கால்வரை சுருட்டினான். "அவள ஏசாத. என் கால அமுக்கிப் பாரு."

சொக்கம்மாள் மண்டியிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்தாள். குழி நின்றது. அது நிரம்பும் என்று காத்திருப்பவள்போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நிரம்பவில்லை. அவன் டாக்டர் சொன்னதைச் சொன்னான், நாலே வார்த்தையில். தெருவைக் கூட்டுவாள் என்று அவன் பயந்த அக்கா சத்தமே போடவில்லை. தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தரையில் முட்டாத குறையாகக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"துன்னா நீ பூடுவ" என்றாள் கடைசியில். "துன்னாட்டி அவ பசியோட நிப்பா. நான் இன்னாடா பண்ணுவேன்?"

மஞ்சள் புடவை விளக்கொளியில் மினுங்கியது. குனிந்திருந்த அந்த உருவமும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தாயம்மாவுக்குத் தோன்றியது. கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆனால் புரியவில்லை. திடீரென்று அவளுக்கு அது விளங்கிற்று. வருஷத்தில் ஒருநாள் வருகிறவள். போன போகிக்கு அவன் நன்றாக இருந்தான். இன்று வந்து உட்கார்ந்தால் சோற்றில் உப்பில்லை. புருஷன் வாய்க்கு ருசியில்லாத சோறு. எந்தப் பெண் சும்மா இருப்பாள்?

"ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இருங்க அண்ணி."

அவள் குரலில் என்ன இருந்ததோ, சொக்கம்மாள் தம்பியை எழுப்பி அழைத்துக்கொண்டு போனாள். தாயம்மா கதவைச் சாத்தினாள்.

படையல் அறையில் சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறவர் யாரும் நிற்கக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். முதுகு கதவில் ஒட்டியிருந்தது. குடத்திலிருந்து ஒரு குளிர்ச்சி வந்தது. மஞ்சளும் ஈரமும் கலந்த, தலைக்குக் குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கும் பெண்ணின் குளிர்ச்சி. வந்து இலையின் எதிரில் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாப்பாட்டின் எதிரில் உட்கார்ந்துவிட்ட பெண்ணுக்குத் தெரிந்ததைச் செய்தாள். லோகநாதன் உருட்டி வைத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டாள்.

எப்படிப்பட்ட சமையல் அது! இவள் துணியாக்கிப் போட்ட வாளையில் கடல் திரும்ப வந்திருந்தது. கீரையின் கசப்பை உப்பு ஒரு நூல் பிடித்துத் தணித்திருந்தது. ஒன்று தூக்கலில்லை, ஒன்று மட்டமில்லை. இத்தனை வருஷமாக முகம் தெரியாமல் இருந்தவளின் முகம் நாக்கில் தெரிந்தது. பொறுமையானவள். யாரையும் அதட்டாதவள். புருஷன் இன்னொரு பிடி தின்றால் அதுவே போதும் என்று தடுப்பு ஓரத்தில் நின்று பார்த்தவள். தாயம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது பயத்தைவிட மோசமாக இருந்தது.

"யக்கா" என்றாள். அப்படி அவளைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "ஒனக்கு யாரும் சொல்லல. அவுரு அவுங்க அக்காவாண்ட மறச்சாரு. நான் உன்னாண்டயே மறச்சேன். உன்ன ஏமாத்திடலாம்னு பாத்தேன்."

இன்னொரு கவளம். கண்ணீர் வாய்க்குள் இறங்கியது.

"உன்ன அனுப்பிடணும்னும் நெனச்சேன். அதுவும் மெய்தான். கோவிச்சிக்கோ, வேணாங்கல. ஆனா இது அதுக்கில்ல. அவுரு கால் வீங்கிப் போச்சுக்கா. மூத்திரம் போவல. உப்பு துன்னா செத்துடுவாரு. நீ ஆசயாப் போடுறது அவுர கொல்லுதுக்கா. போடாத."

விளக்கு அசையவில்லை. புடவை அசையவில்லை. வாயிலிருந்த கவளத்தை அவள் மென்றுகொண்டிருந்தாள். மெல்ல மெல்ல, அலை பின்வாங்கும்போது மணலிலிருந்து தண்ணீர் இழுபடுவதுபோல, நாக்கிலிருந்து உப்பு இறங்கிப் போனது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. விழுங்கினபோது தொண்டையில் வெறும் புளியும் மிளகாயும்தான் இருந்தன.

அடுத்த பிடியை எடுத்தாள். உப்பில்லை. கீரை, வடை, இலையின் இந்த ஓரம், அந்த ஓரம். எதிலும் இல்லை. கன்னத்தில் வழிந்து உதட்டில் நின்ற கண்ணீர்கூடச் சப்பென்று இருந்தது.

அப்போதுதான் அவள் உண்மையாகப் பயந்தாள். எழுந்து எப்படிக் கதவைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"வாய்யா" என்றாள். "வந்து துன்னு."

"நீ எச்சில் பண்ண எலயாமே அது?" என்று சொக்கம்மாள் தடுமாறினாள். "பொம்பள துன்ன மிச்சத்த ஆம்பளயா…"

"வுடுக்கா" என்றான் லோகநாதன். தாயம்மாவின் முகத்தைப் பார்த்தவன் வேறொன்றும் கேட்காமல் உட்கார்ந்தான். ஆவலோடு ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தான். தாடை நின்றது. இன்னொரு முறை மென்றான். முகம் கோணியது.

"இன்னாமே இது? சப்புனு கீது. இப்பத்தானே…"

"அவ்ளோதான் இனிமே" என்றாள் தாயம்மா. "அவங்களும் ஒத்துக்கினாங்க."

அவன் குடத்தைப் பார்த்தான், வெகுநேரம். கண் கலங்கியது. தனக்குள் ஏதோ ஒன்று இப்போதுதான் செத்துப்போனதுபோல அவன் தோள்கள் தொய்ந்தன. ஆனாலும் படையல் இலை. பாதியில் எழ முடியாது. ஒவ்வொரு கவளமாக, தண்ணீர் குடித்துக் குடித்து, மருந்து தின்பவன்போல முழு இலையையும் தின்றான். மூன்று மாதத்தில் அவன் மிச்சம் வைக்காமல் எழுந்த முதல் சாப்பாடு அது.

இலையை எடுத்தபின் சொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கப்படி குடத்தின்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, 'வயிறு ரொம்பிச்சா? பூட்டு அடுத்த வருசம் வா' என்று சொல்லிப் புடவையை அவிழ்க்க வேண்டும். செம்பில் தண்ணீரோடு அவள் குனிந்தபோது, தாயம்மா அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. அனுப்பாதீங்க."

"இன்னாமே சொல்ற?"

"இருக்கட்டும். நான் தூங்கிட்டா, அவுரு எழுந்து எதனா துன்னுட்டா, பாத்துக்க ஆளு வோணும்ல."

சொக்கம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தாள் தாயம்மா. அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவிழ்க்க இருந்த முந்தானையைச் சரிசெய்து, குடத்தின்மேல் நன்றாக இழுத்துவிட்டாள்.

தாயம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். தான் எதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. நாளை இந்த வீட்டில் அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் ஒருத்தி நிற்பாள். அவன் படுக்கும்போது அவன் காலடியில் உட்காருவாள். தாயம்மா அசந்துபோகும் நேரங்களிலெல்லாம் விழித்திருப்பாள். அவனைப் பார்த்துக்கொள்ள இனி இரண்டு பேர். எண்ணெய் ஊற்றிவிட்டு எழுந்தவள், குடத்தில் கால் படாமல், கொஞ்சம் ஒதுங்கி நடந்தாள்.